குமரிக் கடற்கரை ஊருங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி: எங்கிட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நாகர்கோவில்ல வீடு இருக்குன்னு ஒருத்தருக்கு தெரிஞ்சாப் போதும், முழுப்பரீட்சை லீவு, ஐயப்ப சீசன், கிறிஸ்மஸ் லீவு, இந்த மூணு நேரத்திலயும் போன் வந்துகிட்டே இருக்கும், "கன்னியாகுமரி வாறோம், என்னெல்லாம் பாக்கலாம்"னு. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போனதால எல்லாத்தையும் மொத்தமா இங்க எழுதி வச்சிருக்கேன், இனிமே கேக்கிறவங்களுக்கு இத அனுப்பிட்டு நான் பாட்டுக்கு சாயா குடிக்கப் போயிருவேன். கேள்வியெல்லாம் சொந்தக்காரங்களும் கூட வேலை பாத்தவங்களும் நெசமாவே கேட்டது, ஒண்ணு ரெண்டு கேள்வி எரிச்சலக் கிளப்பும், அதையும் விடல.

கன்னியாகுமரிக்கு ஒரு நாள் போதும்ல?

ஊருக்குன்னா போதும். ஒரு சாயங்காலம், ஒரு ராத்திரி, ஒரு விடியக்காலம், முடிஞ்சுது. ஆனா நீங்க கேக்கிறது ஊரையா மாவட்டத்தையா? வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், எங்களுக்கு அப்படி இல்ல. கிழக்க ஆரோக்கியபுரத்துல தொடங்கி மேற்க கேரளா எல்லையில நீரோடி வரைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை, அதுல நாப்பதுக்கு மேல மீனவ ஊரு. எல்லாம் பக்கத்து பக்கத்து ஊருதான், நடுவுல ஒரு பொழியோ (ஆறு கடல்ல சேர்ற வாய்) ஒரு பாறையோ கெடக்கும், அவ்வளவுதான், ஆனா ஒரு ஊரோட குணம் அடுத்த ஊருக்குக் கெடையாது. கன்னியாகுமரி உங்களப் பாத்துப் பொழைக்கிற ஊரு. மத்ததெல்லாம் கடலப் பாத்துப் பொழைக்கிற ஊரு, நீங்க வந்தாலும் ஒண்ணுதான் வராட்டியும் ஒண்ணுதான். இது தெரியாம முட்டத்துல போயி நின்னுகிட்டு "இங்க ஒரு நல்ல ஹோட்டல் கூட இல்லையே"ன்னு எனக்கு போன் பண்ணி கொறை சொன்னவங்க உண்டு.

கன்னியாகுமரி ஏன் எப்பவும் திருவிழா மாதிரியே இருக்கு?

ரயிலும் ரோடும் அங்கதான் வந்து முட்டி நிக்குது, அதுதான் காரணம். அசாம்ல திப்ருகர்ல இருந்து கெளம்புற விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓடி இங்க வந்துதான் மூச்சு விடுது, ஸ்ரீநகர்ல தொடங்குற 44ஆம் நம்பர் ஹைவேயும் இங்கதான் முடியுது. அதனால அந்த ஊர்ல நடக்கிறவங்கள்ல பாதிப்பேருக்கு மேல நேத்து வந்து நாளைக்குப் போறவங்கதான். கடைக்காரங்களப் பாத்தீங்கன்னா உங்க மொகத்தப் பாத்தே மொழிய மாத்துவாங்க, இந்தி, தெலுங்கு, பெங்காலி, மலையாளம்னு, ஸ்கூல் பக்கம் ஒழுங்கா போகாத ஆளு கூட நாலு மொழியில பேரம் பேசுவாரு, எனக்கு அதப் பாக்க ரொம்பப் பிடிக்கும். சங்கு, பாசி, கலர் மண்ணு பாக்கெட், தொப்பி, எல்லாத்துக்கும் ஒரு வெல சொல்லுவாங்க, நீங்க பாதிக்குக் கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, அது அந்த ஊர் விளையாட்டு.

கார்த்திகை ஒண்ணாந்தேதியில இருந்து தை மாசம் வரைக்கும் ஐயப்ப சீசன். கருப்பு வேட்டி, சீசன் கடைங்க, ரோடு பூரா பஸ்ஸு. அந்த நேரத்துல குடும்பத்தோட வந்து அமைதியா கடல் பாக்கணும்னு நெனச்சா, சொல்லிட்டேன், நடக்காது.

ஆனா ஒண்ணு, இந்த இரைச்சல வச்சு அந்த ஊர எடை போட்டுறாதீங்க. விடியக்காலம் நாலரை மணிக்கு பகவதி அம்மன் கோயில் பக்கம் நின்னு பாருங்க, அங்க வேற ஒரு கன்னியாகுமரி இருக்கு, பூக்காரம்மா, பால்காரர், வேட்டியோட சட்டையில்லாம கோயிலுக்குள்ள போற ஆம்பளைங்க (உள்ள சட்டை போட விடமாட்டாங்க, தோள்ல துண்டு எடுத்துக்கிடுங்க). கொஞ்சம் தள்ளி அலங்கார உபகார மாதா கோயில், அத சுத்தி மீனவர் வீடுங்க. டூரிஸ்ட் கூட்டத்துக்கும் அந்தத் தெருவுக்கும் ரெண்டு நிமிஷ நடைதான், வர்றவங்கள்ல நூத்துல ஒருத்தர் அங்க எட்டிப் பாத்தா பெருசு.

சூரியன் உதிக்கிறதும் மறையிறதும் ஒரே எடத்துல பாக்கலாமாமே, உண்மையா?

உண்மை, ஆனா வருஷம் பூராவும் இல்ல. உதயம் எப்பவும் கெடைக்கும், மேகம் மட்டும் விடணும். அஸ்தமனம்தான் சிக்கல். ஐப்பசியில இருந்து மாசி பங்குனி வரைக்கும் சூரியன் தெக்கால சாஞ்சு எறங்கும், அப்ப கடல்ல விழுறதப் பாக்கலாம். சித்திரைக்குப் பொறவு வடக்க நகந்துரும், கரை மேற்க வளைஞ்சு போறதால நெலத்துக்குப் பின்னாடி மறைஞ்சுரும். மே மாசம் வந்துட்டு "சூரியன் தென்னமரத்துக்குப் பின்னாடி போயிட்டு"ன்னு சண்டைக்கு வந்த என் சித்தப்பா மகனுக்கு இத விளக்கவே அரைமணி நேரம் ஆச்சு. லாட்ஜ்ல "சன்செட் வியூ ரூம்"னு தனி வாடகை வாங்கிட்டாங்களாம், ஜன்னலத் தொறந்தா பக்கத்து லாட்ஜோட தண்ணி டேங்க். எந்த லாட்ஜுன்னு கேக்காதீங்க, பாதிக்கு மேல அப்படித்தான்.

கோடைல வந்து கடல்ல சூரியன் விழுறதப் பாத்தே ஆகணும்னா முட்டத்துக்குப் போங்க. அங்க கரை வேற பக்கம் திரும்பியிருக்கு, அதனால எந்த மாசமும் தண்ணியிலதான் விழும்.

விவேகானந்தர் பாறைக்கு போட் கண்டிப்பா ஓடுமா?

கண்டிப்பான்னு அந்த ஊர்ல எதுவும் கெடையாது. காத்து கூடினாலும் நிப்பாட்டுவாங்க, கடல் உள்வாங்கி தண்ணி கொறைஞ்சாலும் நிப்பாட்டுவாங்க, அமாவாசை பௌர்ணமிய ஒட்டி இது அடிக்கடி நடக்கும். 1892 டிசம்பர்ல விவேகானந்தர் போய் உக்காந்த பாறை அது, மண்டபம் தொறந்தது 1970. பக்கத்துப் பாறையில வள்ளுவர், 133 அதிகாரத்துக்கு 133 அடி, கணபதி ஸ்தபதி செஞ்சது, 2000 ஜனவரி ஒண்ணாந்தேதி தொறந்தாங்க. முன்னாடியெல்லாம் விவேகானந்தர் பாறைக்கு போட் ஓடும், வள்ளுவர் பாறைகிட்ட போட் அணைக்க முடியாம திருப்பிக் கொண்டாந்துருவாங்க, ரெண்டு தடவ போயி ரெண்டு தடவயும் வள்ளுவரோட முதுகத்தான் நான் பாத்தேன். இப்ப 2024 டிசம்பர் கடைசியில ரெண்டு பாறைக்கும் நடுவுல 77 மீட்டர் நீளத்துக்கு கண்ணாடிப் பாலம் வந்துட்டு, ஒரு பாறையில எறங்கி அடுத்ததுக்கு நடந்தே போயிரலாம். லீவு நாளுன்னா காலைல கவுண்டர் தொறக்கிறதுக்கு முன்னாடியே லைன்ல நின்னுருங்க, பொறவு வெயில்ல காயாதீங்க.

கோவளம் பீச் பக்கத்துலதான இருக்கு, ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிரலாமா?

எந்தக் கோவளம்? வெள்ளைக்காரன் குளிக்கிற கோவளம் திருவனந்தபுரம் பக்கம், அது கேரளா. கன்னியாகுமரிய ஒட்டி மேற்க ஒரு கோவளம் இருக்கு, அது மீனவ ஊரு, ரிசார்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. சென்னையில இன்னொரு கோவளம். ஆட்டோக்காரர்கிட்ட வெறும் கோவளம்னு சொல்லி ஏறி, நடுத்தெருவுல வலை பின்னிகிட்டு இருக்கிறவங்க முன்னாடி நீச்சல் டிரஸ் பையோட எறங்கி முழிச்ச ஆளுங்க உண்டு. இதே மாதிரி முட்டம் வேற, சின்னமுட்டம் வேற. சின்னமுட்டம் கன்னியாகுமரிக்குக் கிழக்க இருக்கிற மீன்பிடி துறைமுகம். மணக்குடியும் ரெண்டு, கீழமணக்குடி மேலமணக்குடி, நடுவுல பழையாறு கடல்ல விழுது. 2004 சுனாமியில அங்க இருந்த பாலத்தையே தண்ணி புரட்டிப் போட்டுது, இப்ப நீங்க கார்ல போற பாலம் அதுக்குப் பொறவு கட்டினது. அந்தப் பாலத்து மேல வண்டிய ஓரம்கட்டி ரெண்டு நிமிஷம் நில்லுங்க, ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் அசையாத காயல். காசு கொடுத்து பாக்கிற எடத்துல கூட இந்த மாதிரி கெடைக்காது.

சொத்தவிளை, சங்குத்துறை பீச்செல்லாம் எப்படி?

இது ரெண்டும் நாகர்கோவில்காரங்களோட வீட்டு முற்றம் மாதிரி. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து அழுதா, வீட்ல சண்டைன்னா, கல்யாணம் பேசுறதுக்கு முன்னாடி பையனும் பொண்ணும் தனியா பேசணும்னா, எல்லாத்துக்கும் சொத்தவிளைதான். பாறை இல்லாத நீளமான மணல், தென்னந்தோப்பு, சுண்டல், அவிச்ச கடலை, பஜ்ஜி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெரிஞ்ச மொகம் நாலு பாக்காம திரும்ப முடியாது. கேக்கிறவங்ககிட்ட "அங்க ஒண்ணும் இல்லீங்க"ன்னு சொல்லித்தான் வச்சிருக்கோம், உண்மையச் சொன்னா கூட்டம் வந்துரும்னு ஒரு பயம். இப்ப நானே எழுதிட்டேன், சரி போட்டும்.

முட்டம் பத்தி எல்லாரும் சொல்றாங்களே, அப்படி என்ன இருக்கு?

80கள்ல பாரதிராஜா கேமராவத் தூக்கிகிட்டு வந்தாரு, அதுல இருந்து புடிச்ச பேரு. எங்க அம்மா காலத்து ஆளுங்களுக்கு முட்டம்னா காதல். அந்தப் பாறை, சர்ச், அலை, எல்லாம் அப்படியேதான் இருக்கு, ஆளுங்கதான் நரைச்சுட்டாங்க. செம்மண் மேடு ஒண்ணு கடல் வரைக்கும் வந்து அறுத்துவிட்ட மாதிரி நிக்கும், கீழ கருங்கல் பாறை, அதுல அலை வந்து மோதி ஆள் ஒசரத்துக்கு எழும்பும், மேல லைட்ஹவுஸ். சாயங்காலம் கொஞ்ச நேரம் டிக்கெட் போட்டு மேல விடுவாங்க, நேரத்த முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க.

முட்டத்தோட குணம் என்னன்னு கேட்டா, அழகா இருக்கிறது தெரிஞ்சும் அதப் பத்தி அலட்டிக்காத ஆளு மாதிரி. சினிமாவால வந்த பேர வச்சு அந்த ஊர் பெருசா ஒண்ணும் சம்பாதிக்கல, இன்னைக்கும் அங்க பேச்செல்லாம் துறைமுகம், டீசல் வெல, சூரை மீன் என்ன வெலைக்கு ஏலம் போச்சு, இதுதான். கன்னியாகுமரில நீங்க பஸ்ஸ விட்டு எறங்கினதும் பத்துப்பேரு சுத்திக்கிடுவாங்க, முட்டத்துல நீங்க வந்ததையே யாரும் கவனிக்க மாட்டாங்க. எனக்கு ரெண்டாவதுதான் மரியாதையா தெரியுது, என் வீட்டுக்காரிக்கு முதலாவது, அவளுக்கு கடைவீதி வேணும்.

பாறை மேல ஏறி போட்டோ எடுக்காதீங்க. பாசி புடிச்ச பாறை, வழுக்கும், பத்து அலை சும்மா வந்துட்டு பதினொண்ணாவது அலை ஆளத் தூக்கும்.

மணல் ஏன் ஒரு எடத்துல கருப்பாவும் ஒரு எடத்துல செவப்பாவும் இருக்கு?

கன்னியாகுமரில கேட்டா ஒரு கதை சொல்லுவாங்க. குமரி அம்மனுக்கும் சுசீந்திரம் சாமிக்கும் கல்யாணம் நிச்சயமாகி, நள்ளிரவு முகூர்த்தத்துக்கு சாமி கெளம்பி வரும்போது நாரதர் சேவலாக் கூவிட்டாரு, விடிஞ்சுட்டுன்னு சாமி திரும்பிட்டாரு, கல்யாணம் நின்னுபோச்சு, சமைக்க வச்சிருந்த அரிசி பருப்பெல்லாம் கொட்டி மண்ணாப் போச்சு, அதான் கலர் கலரா மணல்னு. கதை நல்லாத்தான் இருக்கு. வெவரம் என்னன்னா மலையில இருந்து ஆறு அரிச்சுக் கொண்டாந்து கடல்ல சேக்கிற கனிமம், அத அலை திருப்பிக் கரையில ஒதுக்குது. செவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட், கூடவே சிர்கான், மோனசைட். மோனசைட்ல தோரியம் இருக்கு, அது கதிர்வீச்சு உள்ள பொருள்.

இதுல மணவாளக்குறிச்சிதான் பெரிய ஆளு. 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரரு, இங்க இருந்து கப்பல்ல போன தேங்காநார்க் கயிறுல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட் இருக்கிறதக் கண்டுபிடிச்சாரு. அந்தக் காலத்துல கேஸ் விளக்குக்குப் போடுற மேண்டிலுக்கு தோரியம் வேணும், அதனால தேங்காநார விட மண்ணுக்கு மவுசு கூடிட்டு. இப்ப அங்க மத்திய அரசோட அருமணல் ஆலை இருக்கு. வேலை கொடுக்குதுன்னு ஒரு பக்கம், கதிர்வீச்சு கூடுதல், கரையத் தோண்டுறதுன்னு ஒரு பக்கம், ஊருக்குள்ள இந்தப் பேச்சு ஓயாது. அந்த மணல்லயே பொறந்து வளந்தவங்க முன்னாடி, ஒரு மணிநேரம் கார நிப்பாட்டுற நாம பெருசா கருத்து சொல்ல வேண்டாம்னு நெனக்கிறேன். பீச்சா பாத்தா, கருப்பு மணல் வெயில்ல சுடும், செருப்பு போட்டுக்கிடுங்க.

மண்டைக்காடு கோயிலா பீச்சா?

கோயில். கடல் அதுக்கு கொல்லப்பக்கம். பகவதி அம்மன் இங்க புத்து வடிவத்துல, பதினஞ்சு அடி ஒசரத்துக்கு மண் புத்து. பெண்களோட சபரிமலைன்னு பேரு, மாசிக் கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) பொம்பளைங்க இருமுடி கட்டிகிட்டு கேரளாவுல இருந்தெல்லாம் வருவாங்க, பத்து நாள் கொடை, கடைசி நாள் நடுராத்திரில ஒடுக்கு பூஜை. அந்த நேரத்துல ஆயிரக்கணக்கான சாமானியப் பொம்பளைங்களுக்கான எடமா இருக்கும் அந்தக் கரை, பொங்கல் பானையும் புகையுமா, புருஷன்மாரு ஓரமா பையத் தூக்கிகிட்டு நிப்பாங்க. எங்க ஆச்சி வருஷத்துல அந்த ஒரு நாள்தான் வீட்ல யார்கிட்டயும் கேக்காம கெளம்பிப் போவா. தலைவலிக்கு நேர்ந்துகிட்டு மண்டையப்பம் வைக்கிற வழக்கம் உண்டு. கொடை இல்லாத நாள்ல போனீங்கன்னா கடற்கரையில காத்துதான் இருக்கும்.

குளச்சல்ல பாக்க என்ன இருக்கு? கூகுள்ல ஒரு தூண் மட்டும்தான் காட்டுது.

அந்த ஒரு தூணுக்குப் பின்னாடி இருக்கிறது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்ல. 1741 ஆகஸ்ட்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவோட படை டச்சுக்காரங்கள இந்தக் கரையில தோக்கடிச்சுது. மொளகு வியாபாரத்துக்காக வந்த சண்டை. மீனவங்க துடுப்பத் துப்பாக்கி மாதிரி தோள்ல சாச்சு வரிசையா நின்னு பயங்காட்டினதா ஊர்க்கதை ஒண்ணு உண்டு, குளச்சல்காரங்ககிட்ட கேட்டா நேர்ல பாத்த மாதிரி சொல்லுவாங்க. அதுல புடிபட்ட டி லனாய்ங்கிற ஆள ராஜா கொல்லல, தன் படைக்கே தளபதியாக்கிட்டாரு. அந்த ஆளுதான் கன்னியாகுமரி பக்கத்துல கடலுக்குள்ள மூக்க நீட்டிகிட்டு நிக்குதே வட்டக்கோட்டை, அதப் புதுப்பிச்சுக் கட்டினது. 1777ல செத்து உதயகிரிக் கோட்டைக்குள்ள அடங்கியிருக்காரு. கன்னியாகுமரிக்கு வாறவங்க வட்டக்கோட்டை மேல நின்னு செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்க, கட்டின ஆளு புடிபட்ட ஊருக்கு வர்றதில்ல.

ஊரு எப்படின்னா, வியாபாரத் துறைமுகமா இருந்த நாள்ல இருந்து வந்த ஒரு கெத்து இன்னும் இருக்கு. மீனவர் தெரு, முஸ்லிம் தெரு, கடைவீதி, எல்லாம் அடுத்தடுத்து, பள்ளிவாசல் பாங்கும் மாதா கோயில் மணியும் ஒரே காத்துல வரும். வெளியூர் ஆளப் பாத்தா "எங்கயிருந்து வாறீய"ன்னு கேப்பாங்க, நீங்க பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க வேலையப் பாக்கப் போயிருவாங்க. காலைல மீன் ஏலம் நடக்கும்போது போங்க, வெலை ஏறுற வேகத்துல நமக்கு ஒண்ணும் புரியாது, ஆனா அதுதான் அந்த ஊரு. நடுவுல நின்னு வழிய மறிக்காம ஓரமா நின்னா போதும்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தப் பக்கத்த ரொம்ப மோசமா அடிச்சுது, குளச்சலும் பக்கத்துல கொட்டில்பாடும். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில, செத்தவங்கள ஒண்ணாச் சேத்துப் பொதைச்ச எடத்துல மெழுகுவத்தி ஏத்தி ஜெபம் நடக்கும். கிறிஸ்மஸ் லீவுக்கு வாறவங்க அன்னைக்கு அங்க போயி பாட்டுப் போட்டுகிட்டு ஆட வேண்டாம், அவ்வளவுதான்.

தேங்காப்பட்டணம் வரைக்கும் போறது வொர்த்தா?

எனக்கு வொர்த்து. குழித்துறைத் தாமிரபரணி கடல்ல விழுற எடம், தென்னந்தோப்பு, பழைய பள்ளிவாசல், ரெண்டு கரையிலயும் மீன்பிடி துறைமுகம். மார்த்தாண்டத்துல இருந்து பஸ் இருக்கு. இங்க வந்ததும் பேச்சே மாறும், "எனக்க", "ஒனக்க"ம்பாங்க, டீக்கடையில கட்டன் சாயா, பேப்பர்ல மலையாளம். 1956 நவம்பர் ஒண்ணாந்தேதி தமிழ்நாட்டோட சேந்த மாவட்டம் இது, அதுக்கு முன்னாடி எல்லாமே திருவிதாங்கூர், அதனால கிழக்க இருந்து மேற்க வரவர தமிழ் நைஸா மலையாளத்துக்குள்ள எறங்குறதக் காதாலயே கேக்கலாம். அங்க ஒரு பெரியவர்கிட்ட ஆஸ்பத்திரிக்கு எங்க போவீங்கன்னு கேட்டேன், திருவனந்தபுரம்னு சொன்னாரு, நாகர்கோவில்னு அவருக்கு தோணவே இல்ல.

துறைமுகத்து முகத்துவாரம் மணல் மேடு தட்டி வள்ளம் கவுந்து உயிர் போறது அங்க தீராத வேதனை. அழகா இருக்கேன்னு நீங்க போட்டோ எடுக்கிற அந்த அலை, அவங்க தெனமும் தாண்டிப் போற வாசல்.

அதத் தாண்டி தூத்தூர், வள்ளவிளை, நீரோடின்னு போகலாமா?

டூர் போற எடம் இல்ல. ஆழ்கடல்ல சுறா புடிக்கிறதுல பேர்போன ஊருங்க, மாசக்கணக்குல கடல்ல கெடப்பாங்க. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்ப திரும்பி வராதவங்க நெறய பேரு இந்தக் கரைக்காரங்கதான். அங்க கடலரிப்புல வீடு போகுது, தூண்டில் வளைவு (அலையத் தடுக்க கடலுக்குள்ள போடுற கல்லு வரிசை) கேட்டு வருஷக்கணக்கா போராடுறாங்க. தெரிஞ்சவங்க வீட்டு கல்யாணம், கோயில் திருநாள்னா போங்க, வயிறு வெடிக்க சாப்பாடு போடுவாங்க.

கடல்ல குளிக்கலாமா?

கரையில கால் நனைங்க. எங்க குளிக்கணும்னாலும் அந்த ஊர் மீனவர் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு எறங்குங்க, கரையில வச்சிருக்கிற அறிவிப்புப் பலகைய மட்டும் நம்பாதீங்க, ஆள நம்புங்க. இங்க ஒண்ணு இருக்கு, கள்ளக்கடல்னு சொல்லுவாங்க. காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவா இருக்கும், எங்கயோ தெக்க பெருங்கடல்ல கெளம்பின அலை திருட்டுத்தனமா கரையில வந்து ஏறும், அதான் அந்தப் பேரு. 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள்ல, மருத்துவம் படிச்ச பிள்ளைங்க அஞ்சு பேர் அலையில போயிட்டாங்க. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைங்க. எச்சரிக்கை விட்டிருக்காங்கன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, நீச்சல் தெரியும்னு மட்டும் சொல்லிராதீங்க, குளத்து நீச்சல் வேற இது வேற.

எந்த மாசம் வரலாம்?

மார்கழி, தை, மாசி நல்லா இருக்கும், கூட்டத்தப் பொறுத்துக்கிட்டா. ஆனி ஆடியில தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு மழை, ரெண்டையும் வாங்குற மாவட்டம், அதான் பச்சையா இருக்கு. ஆனி ஆடியில கடல் மூர்க்கமா இருக்கும், போட் ஓடாது, ஆனா முட்டத்துல மழையோட அலையப் பாக்கணும்னா அதுதான் நேரம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

மீன் சாப்பிட வாறவங்க இன்னொண்ணு பாக்கணும். விசைப்படகுத் தடைக்காலம் இந்த ஒரு மாவட்டத்துக்குள்ளயே ரெண்டு. கிழக்குக் கடல் பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14, அது சின்னமுட்டத்துக்கு. மேற்குக் கடல் பக்கம் ஜூன் ஜூலை ரெண்டு மாசம், அது முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு. ஒரு துறைமுகம் மூடியிருக்கும்போது நாப்பது கிலோமீட்டர்ல இன்னொரு துறைமுகம் ஜேஜேன்னு இருக்கும். இது தெரிஞ்ச ஹோட்டல்காரன் சமாளிப்பான், தெரியாத டூரிஸ்ட் ஐஸ் மீனத் திம்பான்.

எங்க என்ன சாப்பிடலாம்?

கன்னியாகுமரில வடநாட்டுத் தாலி, குஜராத்தி சாப்பாடு, ஆந்திரா மீல்ஸ் எல்லாம் கெடைக்கும், நம்ம ஊர் சாப்பாடத்தான் தேடணும், வேடிக்கை. முட்டம் குளச்சல் பக்கம் வந்தா மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளை மீன் கொழம்பும், தேங்காய நல்லா அரைச்சு விட்டது. தேங்காப்பட்டணம் பக்கம் பழம்பொரி. ரோட்டோரம் கொலையாத் தொங்குறதுல சின்னதா இருக்கிற மட்டிப்பழம் வாங்குங்க, 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது அதுக்கு, எங்க ஊர்ல பிள்ளைக்கு முதல்ல ஊட்டுற பழமே அதுதான். சீசன்ல பனையடியில அக்கானி (பதநீர்) கெடைக்கும், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி குடிச்சிரணும்.

கோவா மாதிரி இருக்குமா?

இருக்காது. அடுத்த கேள்வி.

மீனவங்களப் போட்டோ எடுக்கலாமா?

கேட்டுட்டு எடுங்க. கரையில நின்னு மடி (பெரிய வலை) இழுக்கிறாங்கன்னா கேமராவ உள்ள வச்சுட்டு நீங்களும் ஒரு கை புடிங்க, ஆள் கொறைஞ்ச நேரம்னா கூப்பிட்டே விடுவாங்க. நான் காலேஜ் படிக்கும்போது ஒரு தடவ இழுத்திருக்கேன், உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சுபோச்சு, கூலியா நாலு நெத்திலி கூறு கொடுத்தாங்க.

எந்த ஊர்ல தங்குறது?

விடியக்காலம் சூரியன் பாக்கணும்னா கன்னியாகுமரில ஒரு ராத்திரி, வயசானவங்க கூட வந்தா விவேகானந்த கேந்திரத்துல ரூம் கேட்டுப் பாருங்க, அமைதியா இருக்கும். மத்த நாளுக்கு நாகர்கோவில். முட்டம், குளச்சல் ரெண்டுமே இங்க இருந்து இருபது கிலோமீட்டருக்குள்ளதான், அண்ணா பஸ் ஸ்டாண்ட்ல டவுன் பஸ் ஏறினா பொம்பளைங்களுக்கு டிக்கெட் கூட இல்ல. ரோடு குறுகல், வளைவு ஜாஸ்தி, ஜங்ஷனுக்கு ஜங்ஷன் நிக்கும், மேப்ல காட்டுற நேரத்தோட அரைமணி கூட்டிக்கிடுங்க.

அப்ப உங்க வீட்லயே தங்கிக்கலாமா?

வாங்க, தாராளமா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்து பெல் அடிக்காதீங்க, ஆள் இருக்காது, சொத்தவிளையில சுண்டல் கடைக்குப் பக்கத்துல தேடுங்க.